கட்டியவரும் தங்கியவரும்



இன்றைய பொழிவின் பொருள், கடல் கடந்து சென்று ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் கட்டும் தொண்டு. மேலை நாடுகளில் கிறித்தவத் திருச்சபைகள் பலவற்றில் இஃது ஆண்டுதோறும் நிகழ்வது. விடுமுறையில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஒதுக்கிக்கொண்டு, சபையார் குழுவாக விமானம் ஏறுகின்றனர். முன்பின் அறியாத ஊரில் செங்கல் சுமக்கின்றனர். சுவருக்கு வண்ணம் பூசுகின்றனர். பிள்ளைகளோடு பாடி ஆடுகின்றனர். கண்ணீர் மல்க விடைபெறுகின்றனர். அவர்தம் இரக்கம் மெய்யானது, அதில் ஐயமில்லை. ஆயின், இரக்கம் மெய்யாயிருந்தால் மட்டும் அதன் பயனும் நன்மையாகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை தேட வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. கடலூரும் சிதம்பரமும் அதற்குப் போதிய சான்றுகளைத் தம்மிடத்தே வைத்திருக்கின்றன.

செருமனி நாட்டில் ஹாலே என்றோர் ஊர். அங்கே குருவாயிருந்த பிராங்கே என்பார், 1695ஆம் ஆண்டில் தம் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் நான்கு தாலரும் பதினாறு குரோசனும் சேர்ந்திருக்கக் கண்டார். அச்சிறு தொகையைக் கொண்டே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வில்லம் பள்ளிகளும் அச்சகமும் மருந்துச் சாலையும் கூடிய ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. அந்த ஹாலேயில் பயின்ற சீகன்பால்குவும் அவருடைய தோழர் புளூட்சோவும் 1705 நவம்பரில் கோப்பன்ஹேகனில் கப்பல் ஏறி, ஏழு திங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர்.

வந்தவர் முதலில் செய்தது கட்டிட வேலையன்று. தமிழறிந்த முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சீகன்பால்கு சிறு பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் கொடுத்த பள்ளிகள் அதன் பின்னரே எழுந்தன. 1719இல் தரங்கம்பாடியிலேயே அவர் வாழ்வு முடிந்தது. கற்பிக்க வந்தவர் முதலில் கற்கும் பிள்ளைகளோடு கீழே அமர்ந்தார் என்பதே இவ்வரலாற்றில் மனத்தில் கொள்ளத்தக்கது.

தரங்கம்பாடியில் வேரூன்றிய இம்முயற்சி பின்னர்க் கடலூருக்கும் வந்தது. 1737இல் சர்த்தோரியசு, கைஸ்டர் என்னும் இருவர் இங்கே ஊழியம் தொடங்கினர். தமிழில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்த சர்த்தோரியசு மறு ஆண்டிலேயே இறந்தார். 1740இல் வந்து சேர்ந்த கீர்நாந்தர் சுவீடன் நாட்டினர். ஹாலேயின் அநாதை இல்லப் பள்ளியில் பணி செய்தவர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைக் கைப்பற்றித் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இடித்தபோது, கீர்நாந்தர் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து கல்கத்தா சென்றார். போர் தணிந்தபின் ஹட்டமன் கடலூரில் பணியைத் தொடர்ந்தார். 1767இல் கெரிக்கே வந்து அவரோடு சேர்ந்தார். 1781இல் ஹட்டமன் இறந்தார். மறு ஆண்டே கடலூர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. கெரிக்கே நாகப்பட்டினம் சென்றார். பிறகு சென்னைக்குப் போய், 1803இல் இறக்கும்வரை இந்நாட்டிலேயே பணியாற்றினார்.

இவர்களைக் குறையற்றவர் என்று போற்றுவது இப்பொழிவின் நோக்கமன்று. மதம் பரப்புவதே அவர்தம் முதல் குறிக்கோள். வணிகக் கும்பினியின் கோட்டை நிழலில்தான் அவர்கள் வாழ்ந்தனர். இவ்வூர்ச் சமயங்களைப் பற்றி அவர்கள் எழுதியவற்றுள் அறியாமையும் உண்டு. எனினும் ஒன்று தெளிவு. அவர்கள் கட்டியதை இருபத்தைந்து ஆண்டுக்குள் இருமுறை போர் சூழ்ந்தது. போர் வந்தாலும் பிள்ளைகளின் பெயரும் பிள்ளைகளின் மொழியும் அறிந்த ஒருவர் எஞ்சியிருந்தார். கப்பல் ஏறும்போதே திரும்பி வரும் நாளைக் குறித்துக்கொண்டு அவர்கள் ஏறவில்லை.

கடலூர்க் கடற்கரையில் வெளிநாட்டார் இவ்வாறு வந்து தங்கினர் என்றால், தெற்கே சிதம்பரத்தில் இந்நாட்டவர் ஒருவர் வந்து தங்கிய வரலாறு உண்டு. ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் ஒடுக்கப்பட்ட குடியொன்றில் பிறந்தவர் முனுசாமி. திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தார். படிப்பில் சிறந்த அம்மாணவர் மதம் மாற வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டதும், அவர் மறுத்ததும், அதனால் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்ததும் அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறும் செய்திகள். பின்னர் வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளை அடுத்துத் துறவு பூண்டு சகஜானந்தர் ஆனார். 1910ஆம் ஆண்டளவில் சிதம்பரம் வந்தவர், 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஓமக்குளத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். சட்டமன்றத்திலும் அவர்களுக்காகப் பேசினார். 1959இல் மறையும்வரை அவ்வூரே அவர் ஊராக இருந்தது. நந்தனார் பெயர் தாங்கிய பள்ளிகள் இன்றும் சிதம்பரத்தில் இயங்குகின்றன.

சோற்றுக்கும் பாடத்துக்கும் ஈடாக ஒரு பிள்ளையின் நம்பிக்கையைக் கேட்பது எத்தகைய வலி என்பதைச் சகஜானந்தர் தம் பிள்ளைப் பருவத்திலேயே அறிந்தவர். தொண்டு செய்வோர் எச்சமயத்தவராயினும் இச்செய்தியை மறத்தலாகாது. பெறுபவன் மறுத்துச் சொல்லும் உரிமையோடு பெறும்போதுதான் அதற்குக் கொடை என்று பெயர். அவ்வுரிமை இல்லாவிடத்து அது கடனாகிறது. பிள்ளையால் அடைக்க முடியாத கடன்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை இக்கரையை மோதிற்று. பழைய கோட்டை நின்ற தேவனாம்பட்டினம் முதல், கிள்ளைக்கு அருகே காயலும் கடலும் சூழ்ந்த எம்.ஜி.ஆர். திட்டு வரை, மீனவ ஊர்கள் பலவும் சிதைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகெங்கிலுமிருந்து பொருளும் ஆளும் வந்தனர். கிறித்தவ சபைகளும் பிற சமய அமைப்புகளும் சமயம் சாராத தொண்டர்களும் வந்தனர். சோறும் மருந்தும் படகும் வலையும் வந்தன. அவ்வுதவியை இக்கரை மறக்காது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் செய்தியோ வேறு. தாய் தந்தை இருவரும் போனார்கள் என்றால் அப்பிள்ளை ‘அநாதை’ என்று வந்தவர் எண்ணினர். மீனவக் குப்பத்தின் கணக்கு அப்படியன்று. அங்கே பாட்டி உண்டு, சித்தப்பா உண்டு, தாய்மாமன் உண்டு, பக்கத்துக் குடிசை அத்தையும் உண்டு. இருவரையும் இழந்த பிள்ளைகளுள் பலர் உறவினர் வீடுகளிலேயே வளர்ந்தனர். யாரும் இல்லாதவர்க்காகக் கடலூர், நாகப்பட்டினம், கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களில் அரசு இல்லங்களை நடத்திற்று. பாட்டிக்குத் தேவைப்பட்டது புதிய மாளிகையன்று. பேரனை வைத்துக்கொண்டு உலை ஏற்றுவதற்கான மாத வரும்படி. அதனை அனுப்புவதில் புகைப்படம் எடுக்க ஏதுமில்லை. திறப்பு விழாவும் இல்லை. எனவே அது நன்கொடையாளர் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை.

பிற்காலத்தில் அரசே இவ்வழியில் வந்தது. பெருந்தொற்றில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு, 2021இல் தமிழக அரசு 5 இலட்சம் ரூபாய் வைப்புத் தொகை அறிவித்தது. உறவினர் பாதுகாப்பில் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை திங்கள்தோறும் 3,000 ரூபாய் என்றும் அறிவித்தது. உறவைத் தாங்கினால் உறவு பிள்ளையைத் தாங்கும் என்பதே அதன் அடிப்படை.

இஃது உணர்ச்சியால் மட்டும் சொல்லப்படுவதன்று. உருமேனியா நாட்டில் சர்வாதிகார ஆட்சி 1989இல் வீழ்ந்தபின், பெரிய இல்லங்களில் அடைந்து கிடந்த குழந்தைகளை உலகம் கண்டது. புக்கரெஸ்டு நகரில் 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். சிலரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டனர். ஏனையோர் வழக்கப்படி இல்லப் பராமரிப்பிலேயே இருந்தனர். அறிவு வளர்ச்சியிலும், ஒருவரிடம் மனம் பற்றிக்கொள்ளும் திறனிலும் குடும்பத்தில் வளர்ந்தோரே மேம்பட்டிருந்தனர். அதிலும் இளம் வயதிலேயே குடும்பம் கிடைத்தோர் மிகுதியாக மேம்பட்டனர். உண்டியும் உடையும் மட்டும் போதா. தன் அழுகையை அடையாளம் கண்டு எழுந்து வரும் ஒரே முகம் வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை புதிய முகம் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டு மறையுமாயின், பிள்ளை அன்பையும் பிரிவையும் ஒன்றாகவே கற்கிறது.

2009இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த நெறிமுறைகள் குடும்பப் பராமரிப்புக்கே முதலிடம் தருகின்றன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்கிறது. இல்லங்கள் யாவும் பதிவு பெற வேண்டுமென்றும் விதிக்கிறது. ஏனெனில், சில நாடுகளில் நன்கொடைக்காகவும் வருகையாளருக்காகவும் பெற்றோர் உள்ள ஏழைப் பிள்ளைகளையே அழைத்து வந்து இல்லங்களை நிரப்பும் கொடுமை வெளிப்பட்டது. ஆஸ்திரேலியா 2018இல் நிறைவேற்றிய நவீன அடிமைமுறைச் சட்டத்தின்போது, அநாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அடிமை வணிகத்தின் ஒரு வகையாகவே கருதிற்று. நல்லெண்ணத்தோடு நீட்டிய பணம், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் கூலியாகவும் மாறக்கூடும் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை.

கட்டிட வேலையைப் பற்றியும் ஒரு சொல். பண்ணுருட்டியிலும் கடலூரிலும் சிதம்பரத்திலும் கைதேர்ந்த கொத்தனாரும் சித்தாளும் உண்டு. வெயிலும் கடற்காற்றும் சுவரை என்ன செய்யும் என்று அவர்கள் அறிவர். கரண்டி பிடித்தறியாதவர் பல்லாயிரம் கல் பறந்து வந்து சுவர் எழுப்ப, அவ்வூர்க் கொத்தனார் வேலையின்றி வேடிக்கை பார்ப்பது முறையாகாது. பயணச் செலவு கூலியாக வந்திருந்தால், அக்கொத்தனாரின் பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும். ஏழைப் பிள்ளை இல்லத்துக்கு அனுப்பப்படுவதற்குப் பல வேளைகளில் காரணம் தாய் தந்தையர் இன்மையன்று, வேலை இன்மையே.

அவ்வாறாயின் கடல் கடந்து வருவோர் வரவே வேண்டாமா? அப்படிச் சொல்வது தமிழ்ப் பண்பன்று. வருவோர் ஒருசில வினாக்களோடு வரலாம். இப்பிள்ளைக்கு உறவினர் உளரா? அவர்களைத் தேடினோமா? இவ்வில்லம் பதிவு பெற்றதா? இங்கே பணிபுரியும் உள்ளூர்ப் பெண்களுக்கு நிலையான ஊதியம் உண்டா? நாம் திரும்பியபின் பத்தாண்டு கழித்து இப்பிள்ளையின் பெயரை நினைவில் வைத்திருப்பவர் யார்? இவற்றுக்கு விடை காண்பது செங்கல் சுமப்பதினும் கடினம். மருத்துவரோ பொறியியலாரோ பயிற்றுநரோ தம் கலையை இவ்வூராருக்குக் கற்றுக் கொடுத்துச் செல்வாராயின், அஃது அவர் போனபின்னும் நிற்கும். தங்க விரும்புவோர் இருப்பின், தரங்கம்பாடி மணல் இன்னும் இருக்கிறது; மொழியிலிருந்து தொடங்கலாம்.

தமிழிலக்கியம் இவ்வினாவுக்கு நெடுநாள் முன்பே ஒரு விடை தந்துள்ளது. பாரி மடிந்து பறம்பு வீழ்ந்தபின், தந்தையற்ற பெண்கள் இருவரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார், இருவரும் மறுத்தனர். அவர் பாட்டு இயற்றிக் கடமை முடிந்ததென்று போய்விடவில்லை. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்தபின்னரே அவர் தம் உயிரை விட்டார் என்பது திருக்கோவலூர்க் கல்வெட்டு தரும் செய்தி. அவ்வூரைத் தழுவி வரும் பெண்ணையாறுதான் கடலூரருகே கடலில் கலக்கிறது. கபிலர் அப்பிள்ளைகளுக்கு எந்த இல்லத்தையும் கட்டியதாகச் செய்தி இல்லை. அவர்களுக்கென்று ஒரு வாசல் திறக்கும்வரை உடன் நடந்தார், அவ்வளவே. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தைச் சேர்ந்த அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் தெருவில் பாட்டியோடு வளரும் ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை ஏற்பார்களாயின், அதற்குக் கப்பலும் வேண்டா, விமானமும் வேண்டா.