ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாமக்கல் பகுதியில் பணியாற்றுகிறேன். என் மாணவர்களில் பலர் லாரி ஓட்டுநர்களின் பிள்ளைகள். 'ஸ்டெப்னி' என்பது அவர்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல். வேல்ஸ் நாட்டில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய சகோதரர்கள் 1904-இல் உருவாக்கிய உதிரிச் சக்கரத்தின் பெயர் அது. இந்தச் சொல்லிலிருந்தே ஓர் அறிவியல் பாடத்தைத் தொடங்கலாம்.

ஓடாத டயரிலும் காற்று மெல்லக் கசியும். ரப்பர் நாளடைவில் இறுகி வெடிப்பு விடும். லாரிக்கு அடியில் தொங்கும் டயரில் சேறு படியும். தாங்கும் சங்கிலி துருப்பிடிக்கும். கண்ணில் படாததால் குனிந்து பார்ப்பவர் குறைவு. நடுவழியில் டயர் வெடித்த பிறகு பார்த்துப் பயனில்லை.

வண்டி எடுக்கும் முன் அப்பாவிடம் நான்கு கேள்விகள் கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்வேன். ஸ்டெப்னியில் காற்று அளந்தீர்களா? வெடிப்பு உண்டா? ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா? சங்கிலி தடையின்றி இறங்குகிறதா?

டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களையும் குறித்து வருவார்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் வயதைக் கணக்கிடுவது அன்றைய கணக்குப் பாடம்.

கல்விச் சுற்றுலாவுக்கு முன் பெற்றோர் ஒப்புதல், முதலுதவிப் பெட்டி எல்லாம் சரிபார்க்கிறோம். ஸ்டெப்னியையும் அந்தப் பட்டியலில் சேர்ப்போம். இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றால், நாற்பது பிள்ளைகளுக்கும் பொறுப்பு நாம்தான். புறப்படும் முன்பே, "அண்ணே, ஸ்டெப்னியைக் காட்டுங்க" என்று ஓட்டுநரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.