பேறுகாலச் சொற்களும் தெரிந்து தேரும் உரிமையும்

 

மகப்பேற்றைப் பற்றி மருத்துவர் பேசுவது இயல்பு. மொழியியல் பயின்ற ஒருவருக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். எங்கே பிள்ளை பெறுவது, யார் துணையுடன் பெறுவது, எந்த மருந்தை ஏற்பது என்பவற்றைத் தாய் தெரிந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். தெரிந்துகொள்ளச் சொல் வேண்டும். அச்சொற்கள் இன்று நம்மிடம் எந்நிலையில் உள்ளன என்பதே இப்பொழிவின் பொருள்.

மூன்று தொடர்களை நோக்குவோம். ‘அவள் பிள்ளை பெற்றாள்’ என்பதில் தாயே எழுவாய். ‘அவளுக்குப் பிரசவம் ஆயிற்று’ என்பதில் அவள் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கிறாள். ‘ஆப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள்’ என்பதில் அவள் தொடரிலேயே இல்லை. மூன்றும் நம் வீடுகளில் வழங்குவனவே. அறுவை முறை எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. எழுவாய் மாறினாலும், வினவும் உரிமை தாயிடமிருந்து நீங்கிவிடக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

இன்று நாம் கூடியிருக்கும் புக்கிட் பாஞ்சாங், மலாயில் ‘நெடுங்குன்று’ எனப் பொருள்படும் பெயருடையது. அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு முன் இது நகராட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட நாட்டுப்புறம். 1920களில் இத்தகைய சிற்றூர்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் வந்த ஐடா சிம்மன்ஸ் என்னும் பொதுச் சுகாதாரத் தாதி, கம்பம் கம்பமாகச் சென்று தாய்மாருக்குக் கற்பித்தார். நகரிலோ, தேக்காவை அடுத்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924 அக்டோபர் முதல் மகப்பேற்றுக்கே உரியதாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,800க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அதாவது, நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல். பேறு வீட்டைவிட்டு மருத்துவமனைக்குச் சென்றது, உயிர்கள் பிழைத்தன. ஆனால், மருத்துவச்சியின் வாயில் வழங்கிய சொற்கள் அவளுடனேயே மறையத் தொடங்கின.

அச்சொற்கள் நுட்பமானவை. வந்துபோகும் பொய்யான நோவைச் ‘சூட்டு வலி’ என்றும், பிள்ளையைச் சூழ்ந்த நீர்ப்பையைப் ‘பனிக்குடம்’ என்றும் அவள் பிரித்துரைத்தாள். ‘நஞ்சு விழுந்ததா?’ என்று அவள் கேட்டால் நஞ்சுக்கொடி முழுமையாக வெளிவந்ததா என்று பொருள். அது உள்ளே தங்கினால் உதிரப்போக்கு மிகுந்து தாய் இறக்க நேரும். இன்றைய மாணவர் ‘நஞ்சு’ என்றால் விடம் என்றே கொள்வர்.

அச்சொற்களுக்குக் குறையும் உண்டு. ‘ஜன்னி’ என்னும் ஒரு சொல், குருதியழுத்தம் உயர்ந்து வரும் சூல்வலிப்பையும், கருப்பைத் தொற்றால் எழும் காய்ச்சலையும், தூய்மையற்ற கருவியால் கொப்பூழ்க்கொடி அறுக்கப்பட்ட சிசுவுக்கு வரும் இசிவு நோயையும் ஒருங்கே குறித்தது. காரணம் வேறு, மருந்து வேறு. பெயர் ஒன்றாயிருந்ததால் வேறுபாடு புலப்படவில்லை. ஆகவே பழஞ்சொல்லைப் போற்றுவது மட்டும் போதாது. புதிய அறிவோடு இணைத்து அதன் பொருளை வரையறுக்கவும் வேண்டும்.

மரபு மருத்துவத்திற்கும் இதே அளவுகோல் பொருந்தும். கொடியை உடனே அறுக்காமல் சற்றுப் பொறுப்பதும், நோவுற்றவள் படுத்தே கிடக்காமல் நடமாடுவதும், விரும்பிய துணை அருகிருப்பதும் பல மரபுகளில் இருந்தவை. இன்று உலகச் சுகாதார நிறுவனமும் அவற்றைப் பரிந்துரைக்கிறது. கொப்பூழில் சாம்பல் இடுவதோ உயிருக்கே ஊறு. சிங்கப்பூர் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளிடம் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டைச் சோதித்து வருகிறது. அக்குறையுள்ள சிசுவுக்குச் சில பொருள்களால் குருதியணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சட்காமாலை வந்து, மூளை பாதிக்கப்படலாம். இவ்வச்சத்தால் 1978இல் ஹுவாங் லியென் என்னும் சீன மூலிகை தடைசெய்யப்பட்டது. மறு ஆய்வுக்குப் பின் 2010களில் அத்தடை நீக்கப்பட்டது. பழமை என்பதற்காக ஏற்காமலும், பழமை என்பதற்காகவே தள்ளாமலும் சான்றைக் கண்டு முடிவெடுத்ததற்கு இஃது எடுத்துக்காட்டு.

இனி, வீட்டுப் பேறு. 2018 ஜூலையில் திருப்பூரில், பயிற்சி பெற்ற துணையின்றி வீட்டிலேயே பிள்ளை பெற முயன்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். இணையக் காணொளிகளை நம்பி மேற்கொண்ட முயற்சி என அன்று செய்திகள் கூறின. இதற்கு மாறான சூழலில் நடந்தது, 2011இல் இங்கிலாந்தில் வெளிவந்த பேராய்வு. சிக்கல் குறைந்த ஏறத்தாழ 64,000 பேறுகளை அது ஆராய்ந்தது. முன்பே பிள்ளை பெற்றவர்களுக்கு வீட்டிலும் மருத்துவமனையிலும் குழந்தைக்கு நேரும் தீங்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைப்பிள்ளையாயின், மருத்துவர் பிரிவில் ஆயிரத்துக்கு 5.3ஆக இருந்த கடுந்தீங்கு, வீட்டில் 9.3 ஆயிற்று. வீட்டில் பெறத் திட்டமிட்ட முதற்பேற்றுத் தாய்மாருள் 45 விழுக்காட்டினர் இடையில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். அங்கே பதிவுபெற்ற மருத்துவச்சியும், விரைந்து மாற்றும் ஏற்பாடும் இருந்தன என்பதை மறத்தலாகாது.

இவ்விரண்டையும் ‘வீட்டுப் பேறு’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறோம். ‘ஜன்னி’யில் கண்ட குழப்பமே இங்கும் நிகழ்கிறது. தேர்வு என்பது விருப்பம் மட்டுமன்று. திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என மூன்று அதிகாரங்களுக்குத் ‘தெரிந்து’ என்பதையே முன்வைத்துப் பெயரிட்டார். இது முதற்பேறா? உடன் இருப்பவர் பயிற்சி பெற்றவரா? இடர் நேர்ந்தால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனையை அடையலாம்? இவற்றுக்கு விடை தெரியாத தேர்வைத் தேர்வு என்று சொல்ல இயலாது. அவ்வாறே, புரியாத மொழியில் உள்ள தாளில் இடும் கையொப்பத்தையும் ஒப்புதல் என்று சொல்ல இயலாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து மூதாட்டியரிடம் பேறுகாலச் சொற்களைக் கேட்டுத் தொகுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இன்றைய மருத்துவப் பொருளைத் தாதியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு எழுதுங்கள். மலாய், சீன மொழி பேசும் நண்பர்களின் சொற்களையும் உடன் சேருங்கள். அப்பட்டியல், நாளை மருத்துவமனையில் ஒரு தாய்க்கும் அவளைக் கவனிப்பவர்க்கும் இடையே நிற்கப்போகும் உங்களுக்கே முதலில் பயன்படும். ‘இதனால் என்ன தீங்கு நேரலாம், வேறு வழி உண்டா?’ என்று அவள் தன் மொழியில் கேட்கவும், விடையைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ளவும் இயலுமாயின், ‘பெற்றாள்’ என்னும் வினைக்கு அவள் முழு எழுவாய் ஆவாள்.