பத்து பவுண்டு பந்தயம்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். செப்டம்பரில் எம்.எஸ். படிக்க இங்கிலாந்து போறாராம். சின்ன வயசிலிருந்தே ரிமோட் கார்னா உயிராம். “அண்ணா, அங்க ஊருக்கு ஊர் ஆர்.சி. கார் கிளப் இருக்காமே. ஒரு ரேஸுக்கு 10 பவுண்டுதான்னு சொல்றாங்க. பார்ட் டைம் சம்பளத்தில் சமாளிக்க முடியுமா?”

அந்த 10 பவுண்டு உண்மைதான். நானும் அதை நம்பித்தான் உள்ளே போனேன். இன்னைக்கு முழுக்க முழுக்க கணக்கு பேசப் போறேன். நடுவில் கொஞ்சம் வெட்கக்கேடான ஒரு கதையும் வரும். நான் சொல்ற விலையெல்லாம் 2023-24 சீசனில் என் கையிலிருந்து போனது. உங்க ஊர் கிளப்பில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

முதலில், இது என்ன மாதிரி இடம்னு சொல்லிடறேன். பெரிய ஸ்டேடியம் எல்லாம் கிடையாது. ஒரு ஸ்கூல் ஹால். சாயங்காலம் அஞ்சரைக்கு நாலைஞ்சு பேர் வந்து, சுருட்டி வைத்த கார்பெட்டைத் தோளில் தூக்கிட்டு வந்து விரிப்பாங்க. அதுதான் டிராக். கார்பெட்டுக்கு அடியில் ஒரு ஒயர் ஓடும். ஒவ்வொரு காருக்குள்ளும் டிரான்ஸ்பாண்டர்னு கட்டைவிரல் சைஸில் ஒரு சமாச்சாரம் இருக்கும். கார் அந்த ஒயரைத் தாண்டும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் லேப் டைம் ஏறும். ஒரு ஹீட் 5 நிமிஷம். ராத்திரிக்குள்ள மூணு ஹீட், அதில் வர்ற டைமை வச்சு ஏ, பி, சி-ன்னு ஃபைனல் பிரிப்பாங்க. வேகமானவங்க ஏ ஃபைனல். என்னை மாதிரி ஆளுங்க சி.

நம்ம ரேஸ் முடிஞ்சதும் உட்கார்ந்து டீ குடிக்க முடியாது. அடுத்த ஹீட்டுக்கு நாமதான் மார்ஷல். டிராக் ஓரத்தில் நின்னு, கவிழ்ந்த காரை ஓடிப்போய் நிமிர்த்தி விடணும். டிமிக்கி கொடுத்தா நம்ம ஸ்கோரில் கை வைப்பாங்க. அங்க சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் ஒருத்தர்கூடக் கிடையாது. நாம கொடுக்கிற 10 பவுண்டு ஹால் வாடகைக்கும், கார்பெட்டுக்கும், டைமிங் சிஸ்டத்துக்கும் போகுது. அதனால்தான் அது பத்தோட நிக்குது. அந்தப் பணத்தைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது.

பிரச்சினை அந்தப் பத்துக்கு வெளியே இருக்கு.

நான் பண்ண முதல் தப்பு: காரை வாங்கிட்டு கிளப்பைத் தேடினேன். ஆன்லைனில் 260 பவுண்டுக்கு ஒரு ரெடிமேட் கார். பெரிய டயர், மணல்மேடு பள்ளம் எல்லாம் தாண்டும், படம் பார்த்தாலே கை பரபரக்கும். அதைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போனா, ரிஜிஸ்டர் எழுதிட்டிருந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, ரொம்ப அன்பா, “அருமையான கார். ஆனா இதுக்கு இங்க கிளாஸ் இல்லையே”ன்னாங்க.

கிளாஸ்னா என்னன்னு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். ஒவ்வொரு கிளப்பும் நாலைஞ்சு பிரிவு வச்சிருக்கும். எந்த அளவு கார், எந்த மோட்டார், எந்த டயர், எந்த பேட்டரின்னு ஒவ்வொண்ணுக்கும் விதி உண்டு. அதுக்குள்ள அடங்காத கார், காசு கொட்டி வாங்கினதா இருந்தாலும், வீட்டு வாசலில் ஓட்டத்தான். அந்தக் காரை அப்புறம் 140 பவுண்டுக்குத் தள்ளினேன். 120 பவுண்டு தண்டம். ஒரு ரேஸ்கூட ஓட்டாமலே 12 ரேஸோட கட்டணம் போச்சு.

அன்னைக்குச் சும்மா நின்னு வேடிக்கை பார்த்தேன். பக்கத்து மேஜையில் ஒரு பதினோரு வயசுப் பொண்ணும் அவங்க அம்மாவும். அம்மா சால்டரிங் பண்றாங்க, பொண்ணு டயர் மாட்டுது. ஒரு பழைய டாமியா கார், பாடியில் அங்கங்க டேப் ஒட்டியிருக்கு. அந்தப் பொண்ணு அன்னைக்கு ஏ ஃபைனல் ஓட்டிச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் அந்தப் பிரிவில் நானும் சேர்ந்தேன்.

இப்போ கணக்கு. பேனா இருந்தா எடுத்துக்கோங்க.

டாமியா டி.டி. 02 கிட், 120 பவுண்டு. டாமியா ஜப்பான் கம்பெனி. 1976-லேயே போர்ஷே 934-ஐ ஆர்.சி. காரா போட்டவங்க. இந்த டி.டி. 02, ஆரம்பக்காரங்களுக்குன்னே இருக்கிற சேஸிஸ். நான் வாங்கின பெட்டியில் மோட்டாரும், வேகத்தைக் கட்டுப்படுத்தற ஸ்பீடு கன்ட்ரோலரும் சேர்ந்தே வந்தது. சந்தோஷப்படாதீங்க, இனிமேதான் இருக்கு. கிட்டில் வர்ற பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துட்டு பேரிங் போடணும், 15. ஸ்டியரிங்குக்கு சர்வோ, 20. செகண்ட் ஹேண்ட் ரேடியோ, 40. சார்ஜர், 35. லைப்போ பேட்டரி ரெண்டு, 50. அந்த பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பிடிச்சாலும் வெளியே பரவாம இருக்க ஒரு பை, 6. இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீங்க. பாடிக்கு பெயின்ட், 8. கிளப் சொல்ற டயர் ஒரு செட், 24.

கூட்டினா 318 பவுண்டு. இது முதல் ஹீட்டுக்கு முன்னாடி. டிரான்ஸ்பாண்டரை கிளப்பே இரவல் கொடுத்தது. இல்லேன்னா அதுக்குத் தனியா ஒரு பெரிய நோட்டு.

அப்புறம் ஓட்டற செலவு. அந்த சீசனில் 30 ராத்திரி ஓட்டினேன். கட்டணம் 300. கிளப் சந்தாவும், பி.ஆர்.சி.ஏ.-ன்னு பிரிட்டனோட தேசிய ஆர்.சி. சங்கம் இருக்கு, அதோட உறுப்பினர் கட்டணமும் சேர்த்து 45. சங்கத்தில் சேர்ந்தா இன்சூரன்ஸும் வருது. நம்ம கார் யார் காலிலாவது மோதினா அதுதான் துணை. என்கிட்ட நிஜக் கார் கிடையாது. ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் ஒருத்தர் வாராவாரம் என்னை ஏத்திக்கிட்டுப் போவார். பெட்ரோலுக்கு 5 பவுண்டு அவர் டேஷ்போர்டில் வச்சிடுவேன், அது 150. உடைஞ்ச பாகமும், தேய்ஞ்ச டயரும் 132.

ஆக மொத்தம் 945 பவுண்டு. நம்ம காசில் கிட்டத்தட்ட ஒரு லட்சம். 30-ஆல் வகுத்தா ஒரு ராத்திரிக்கு முப்பத்தொன்றரை பவுண்டு. வாசலில் 10, கணக்கில் முப்பத்தொன்றரை. அந்த 120 தண்டத்தை இதில் சேர்க்கவே இல்லை.

கேட்டதும் பயப்படாதீங்க. ரெண்டாவது வருஷம் காரும் சார்ஜரும் வாங்க வேண்டாம். 627-தான், ராத்திரிக்கு 21 பவுண்டு. வாரம் ஒரு நாள் வெளியே சாப்பிட்டு சினிமா போற செலவு. அதோட நின்னிருந்தா இந்த எபிசோடுக்கே வேலை இல்லை.

நான் நிக்கலை.

நம்ம பிரிவில் எல்லாருக்கும் ஒரே மோட்டார், ஒரே டயர். பக்கத்துப் பிரிவில் டூரிங் கார் ஓடும். அதிலும் கட்டுப்பாடு உண்டு. 17.5 டர்ன் மோட்டார்தான் போடலாம். டர்ன்னா மோட்டாருக்குள்ள கம்பி சுத்தியிருக்கிற எண்ணிக்கை. சுத்து கூடினா வேகம் குறையும். ஸ்பீடு கன்ட்ரோலரை ‘பிளிங்கி’ மோடில் வைக்கணும். எக்ஸ்ட்ரா வேகம் எதுவும் கொடுக்கலைன்னு காட்ட ஒரு லைட் மினுக்கிக்கிட்டே இருக்கும், செக் பண்றவர் பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவார். ஆனா சேஸிஸுக்குக் கட்டுப்பாடு இல்லை. கார்பன் ஃபைபர் கிட் மட்டுமே 500 பவுண்டைத் தாண்டும். அந்த கார்கள் கார்னரில் திரும்பற அழகு இருக்கே, எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து ராத்திரி தூக்கம் போச்சு.

ஜனவரியில் ஒருத்தர் மொத்த செட்டப்பையும் 420-க்கு விக்கிறேன்னார். “வேற ஆள் கேட்கிறார், இந்த வாரம் சொல்லிடுங்க”ன்னார். மாசாமாசம் வீட்டுக்கு 300 பவுண்டு அனுப்புவேன். அந்த மாசம் 100 அனுப்பினேன். அம்மாகிட்ட, “ஆபீஸில் சம்பளம் லேட்டாகுதும்மா”ன்னேன்.

அம்மா, “பரவாயில்லப்பா, நீ வேளாவேளைக்குச் சாப்பிடு”ன்னாங்க. அவ்வளவுதான்.

அந்தக் காரோட ஏழு வாரம் ஓடினேன். ஒரு தடவைகூட சி ஃபைனலை விட்டு வெளியே வரலை. பழைய காரில் நான் செஞ்ச அதே தப்பை, இதில் இன்னும் வேகமா செஞ்சேன். ஒரு தடவை சுவரில் அடிச்சதில் உடைஞ்ச பாகம் மட்டும் 28 பவுண்டு. கார்னருக்கு முன்னாடி கை எடுக்கத் தெரியாதவனுக்கு கார்பன் ஃபைபர் என்ன செய்யும்?

பல மாசம் கழிச்சு தம்பியோட பேசிட்டிருக்கும்போது, பேச்சுவாக்கில் சொன்னான். அந்த ஜனவரியில் அவன் செமஸ்டர் ஃபீஸ் கட்ட அம்மா வளையலை அடகு வச்சிருந்தாங்க. எனக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லியிருந்தாங்களாம். “அண்ணனே சம்பளம் வராம கஷ்டப்படுறான்”னு.

அன்னைக்கே காரை விற்பனைக்குப் போட்டேன். 330-க்குப் போச்சு. வளையலை மீட்டாச்சு. அம்மாகிட்ட உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் ரெண்டு வாரம் பிடிச்சது. சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், “பொம்மைக் காராடா?”ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு இன்னும் என்கிட்ட நல்ல பதில் இல்லை.

நான் ரேஸை விடலை. பழைய டி.டி. 02-க்கே திரும்பிட்டேன். அந்த நேரத்தில் கிளப்பில் ஒரு மீட்டிங் நடந்தது. நம்ம பிரிவிலும் வேகமான மோட்டாரை அனுமதிக்கலாமான்னு பேச்சு. பாதிப் பேருக்கு ஆசை. பஸ் மெக்கானிக் எழுந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “இன்னைக்கு மோட்டார் மாத்துவோம். அதுக்கு ஏத்த பேட்டரி அடுத்த மாசம். கியர் அதுக்கடுத்த மாசம். டிசம்பரில் அந்தப் பொண்ணும் அவ அம்மாவும் இங்க இருக்க மாட்டாங்க.” ஓட்டெடுப்பில் பழைய மோட்டாரே ஜெயிச்சது. நானும் அதுக்குத்தான் கை தூக்கினேன்.

ஆரம்பத்தில் அந்த விதிகள் எல்லாம் எனக்கு எரிச்சலா இருந்தது. என் காசு, என் கார், இவங்க யாரு சொல்றதுக்குன்னு. இப்போ புரியுது. ஒரே டயர், ஒரே மோட்டார்னு எழுதி வைக்கிற கிளப், நம்ம பாக்கெட்டில் கை வைக்காதேன்னு நம்ம ஆசைகிட்ட சொல்லுது. நுழைவுக் கட்டணம் 10-ஆ 12-ஆங்கிறது பெரிய விஷயமில்லை. அந்தப் பிரிவில் எவ்வளவுக்கு மேல செலவு பண்ணவே முடியாதுங்கிறதுதான் விஷயம்.

அதனால் தம்பி, உங்களுக்கு நாலு வார்த்தை. போன உடனே எதையும் வாங்காதீங்க. ரெண்டு வாரம் சும்மா போய்ப் பாருங்க, கார்பெட் விரிக்கக் கை கொடுங்க. யாராவது ஒரு ஹீட்டுக்குத் தங்களோட காரைக் கொடுப்பாங்க. எந்தப் பிரிவில் அதிகம் பேர் ஓட்டறாங்கன்னு பாருங்க, விதியைப் படிங்க, அதுக்கப்புறம் கார். பழைய கார் ஹாலுக்குள்ளேயே விலைக்கு வரும். மாசத்துக்கு இவ்வளவுன்னு தனி அக்கவுண்டில் போட்டுடுங்க. நான் 60 பவுண்டு போடறேன். தீர்ந்தா அந்த மாசம் மார்ஷல் வேலை மட்டும்.

சென்னையிலேயே ஓட்டலாமேன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இந்தியாவில் பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023-ல் 70. ஆர்.சி. காரும் பொதுவா அந்தக் கணக்கில்தான் வரும். அதனால் கார் விலையை மட்டும் பார்த்துட்டு ஆர்டர் போடாதீங்க. உடைஞ்சா ஸ்பேர் எங்க கிடைக்கும்னு முதலில் கேளுங்க.

போன மாசம் அம்மாவுக்கு வீடியோ காலில் ரேஸைக் காட்டினேன். என் கார் கவிழ்ந்தது. அந்தப் பொண்ணுதான் மார்ஷல், ஓடி வந்து நிமிர்த்தி விட்டா. “யாருடா அந்தப் புள்ள? நல்லா இருக்கட்டும்”னாங்க அம்மா. அப்புறம், “எத்தனாவதா வந்தே?”ன்னு கேட்டாங்க.

சி ஃபைனல், நாலாவது. செலவு, அன்னைக்கு 15 பவுண்டு.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே. உங்க வீட்டில் சொல்லாத செலவு ஏதாவது இருந்தா, எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டில் சொல்லிடுங்க.