ஏர் ப்யூரிஃபையரும் ஒரு கொசுவர்த்திச் சுருளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



இன்னும் ரெண்டு வாரத்தில் போகி. வருஷா வருஷம் இந்த நேரத்தில் ஒரே கேள்விதான் நிறைய வரும்: "ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா? வாங்கினா எதை வாங்குறது?" நியாயமான கேள்விதான். 2018 போகி அன்னைக்கு விமானமே இறங்க முடியாத அளவுக்குச் சென்னையில் புகை மூட்டம் இருந்தது, ஞாபகம் இருக்கும்.

ஆனா இன்னைக்கு நான் எந்த மாடல் பேரையும் சொல்லப் போறதில்லை. மாடல் மாறிக்கிட்டே இருக்கும். என் வீட்டுக் கதையைச் சொல்றேன். ரெண்டு மெஷின் வாங்கி, ரெண்டு தடவையும் தப்புப் பண்ணிக் கத்துக்கிட்ட கதை.

முதல் மெஷின்: அட்டைப்பெட்டியை நம்பினேன்

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடிச்சது. நாள்கணக்கில் புகைஞ்சுது. நான் அப்போ வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்தேன். ஜன்னலைச் சாத்தியும் தலையணையில் எரிஞ்ச பிளாஸ்டிக் நாத்தம். ராத்திரி 1 மணிக்குப் படுத்துக்கிட்டே, ஃபோனில் முதலில் கண்ணில் பட்ட மெஷினை ஆர்டர் பண்ணிட்டேன். பூச்செட்டி சைஸ்தான் இருக்கும். அழகா நீல லைட் எரியும். பெட்டி மேல் "300 சதுர அடி வரை"ன்னு போட்டிருந்தது. என் ரூம் 120 சதுர அடிதான். தாராளமாப் போதும்னு நினைச்சேன்.

பெட்டியோட அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு நம்பர் இருந்தது. சி.ஏ.டி.ஆர் 60. அதை நான் படிக்கவே இல்லை.

இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா, இந்த சி.ஏ.டி.ஆரை வச்சுக்கோங்க. மெஷின் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுத்தமான காற்றை வெளியே தருதுன்னு சொல்ற எண் அது. இங்கே பெரும்பாலும் கன மீட்டரில் போடுவாங்க. ப்யூரிஃபையர்னா என்ன? ஒரு ஃபேன், ஒரு ஃபில்டர். ஃபில்டர் எவ்வளவு உசத்தியா இருந்தாலும், ஃபேன் காற்றை இழுக்கலைன்னா பிரயோஜனம் இல்லை.

கணக்கு ரொம்பச் சுலபம். என் ரூம் 12-க்கு 10 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 1200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர் காற்று. நல்லா சுத்தமாகணும்னா மணிக்கு அஞ்சு தடவையாவது அந்தக் காற்று மொத்தமும் ஃபில்டர் வழியா போய் வரணும். 34-ஐ 5-ஆல் பெருக்கினா 170. எனக்கு வேண்டியது 170. நான் வாங்கினது 60. மணிக்கு ரெண்டு தடவைகூட முழுசாச் சுத்தலை.

பெட்டியில் 300 சதுர அடின்னு போட்டது பொய்யான்னு கேட்டா, பொய்யில்லை. மணிக்கு ஒரு தடவைகூடச் சுத்தாத கணக்கை வச்சு அப்படிப் போட்டுக்கலாம். அதனால் சதுர அடியைப் பார்க்காதீங்க. குறுக்கு வழி ஒண்ணு சொல்றேன்: உங்க ரூமோட சதுர அடியை ஒன்றரையால் பெருக்குங்க. வர்ற எண்ணுக்கு மேல் சி.ஏ.டி.ஆர் இருக்கணும். 120 சதுர அடின்னா 180. போகி மாதிரி புகை நாளுக்கு இன்னும் கொஞ்சம் கூட இருந்தா நல்லது.

இன்னொரு விஷயம். அந்த சி.ஏ.டி.ஆர், மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது அளந்தது. முழு வேகத்தில் வச்சுட்டு யாராலும் தூங்க முடியாது. ஸ்லீப் மோடில் போட்டா பாதிகூட வராது. அதனால் கொஞ்சம் பெரிய மெஷினா வாங்கி, நடு வேகத்தில் ஓட விடுங்க.

ரெண்டாவது மெஷின்: அம்மா வந்தாங்க

போன வருஷம் கும்பகோணத்தில் இருந்து அம்மா என்னோட தங்க வந்தாங்க. அவங்களுக்கு ஆஸ்துமா உண்டு. ஊரில் இன்ஹேலர் போட்டுக்கிட்டு ஓரளவு கட்டுக்குள்ள வச்சிருந்தாங்க. இங்கே வந்து பத்தே நாள். விடிகாலை 3 மணிக்கு எழுந்து கட்டிலில் குனிஞ்சு உட்கார்ந்திருக்காங்க. மூச்சு விடுறப்போ விசில் மாதிரி சத்தம். பேச முடியலை, கையை மட்டும் ஆட்டுறாங்க. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய், நெபுலைசர் வச்சு, திரும்பி வரும்போது விடிஞ்சிருச்சு.

ஆட்டோவில் வரும்போது எனக்கு ஒரே நினைப்பு. ஊரில் நல்லா இருந்தவங்களை இந்தச் சென்னைக் காற்றுக்குள்ள நான்தான் கொண்டு வந்து போட்டுட்டேன்.

அந்த வாரமே ரெண்டாவது மெஷின் வாங்கினேன். இந்தத் தடவை கணக்குப் போட்டு வாங்கினேன். சி.ஏ.டி.ஆர் 300-க்கு மேல். ஹெச்13 ஹெப்பா ஃபில்டர். அம்மா ரூமில் வச்சு ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, மெஷினை ஆன் பண்ணிட்டு நிம்மதியாப் படுத்தேன்.

ராத்திரி எழுந்து பார்த்தா மெஷினில் சிவப்பு லைட். மறுநாளும் சிவப்பு. விடியும்போது தானா பச்சையாகும், ராத்திரி 9 மணிக்கு மேல் மறுபடி சிவப்பாகும். மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு சர்வீஸுக்கு ஃபோன் பண்ணேன்.

அந்தப் பையன் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார். "மேடம், ரூமில் ஏதாவது எரியுதா?"

எரியுது. கட்டிலுக்கு அடியில், ஒரு பழைய தட்டில், கொசுவர்த்திச் சுருள்.

சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியலை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அன்னைக்குத்தான் படிச்சேன். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுசா எரிஞ்சா வெளிவரும் நுண்துகள், 75-ல இருந்து 137 சிகரெட் எரியும்போது வரும் அளவுக்குச் சமம்னு அதில் சொல்லியிருக்காங்க. பிஎம் 2.5-ன்னு சொல்றோமே, அந்தத் துகள்தான். மூக்கிலும் தொண்டையிலும் நிக்காது, நேரா நுரையீரல் ஆழத்துக்குப் போகும்.

"இத்தனை வருஷமா ஏத்துறேன், ஊரில் ஒண்ணும் ஆகலையேடி"ன்னு அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. யோசிச்சுப் பார்த்தா பதில் அந்த வீட்டில் இருக்கு. ஊர் வீட்டில் முற்றம் உண்டு. ஓட்டுக்கூரை. ராத்திரியும் ரெண்டு ஜன்னல் திறந்திருக்கும். புகை வந்த வேகத்தில் வெளியே போயிடும். இங்கே ஸ்ப்ளிட் ஏசி, சாத்தின ஜன்னல், இடுக்கில் துணி வேற அடைச்சு வச்சிருக்கோம். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது, உள்ள காற்றையேதான் சுத்தி விடும். சுருள் அதேதான், ரூம் மாறிடுச்சு. ஊர்க் காற்றையும் சென்னைக் காற்றையும் நான் ஒப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஒப்பிட வேண்டியது ரெண்டு ஜன்னலை.

சுருளை எடுத்துட்டா கொசு? அம்மா பயத்திலும் நியாயம் இருக்கு. டெங்கு வந்த வீடு எங்க தெருவிலேயே இருக்கு. அதனால் ஜன்னலுக்கு வெல்க்ரோ வச்சு ஒட்டுற கொசுவலை போட்டோம். வாடகை வீடுதான், ஆணி அடிக்க வேண்டாம், ஓனர்கிட்ட கேட்க வேண்டாம். கட்டிலுக்கு ஒரு வலை. லிக்விட் மெஷினில் புகை இல்லைதான், ஆனா பூச்சிமருந்து காற்றில் கலக்கத்தான் செய்யும். அதையும் அந்த ரூமில் வைக்கலை. எல்லாத்துக்கும் சேர்த்து ஆன செலவு ப்யூரிஃபையர் விலையில் ஒரு சின்னப் பங்கு. அன்னைக்கு ராத்திரி லைட் பச்சையாவே இருந்தது.

நாத்தத்துக்கு வேற ஃபில்டர்

ஹெப்பா ஃபில்டரைச் சல்லடைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சல்லடை இல்லை, இழைகளால் ஆன அடர்ந்த காடு மாதிரி. பெரிய துகள் நேராப் போய் இழையில் மோதி ஒட்டிக்கும். ரொம்பச் சின்னது அங்கேயும் இங்கேயும் அலைஞ்சு கடைசியில் ஏதாவது இழையில் மாட்டிக்கும். ரெண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரான் அளவில் இருக்கிறதுதான் பிடிக்கக் கஷ்டம். அதனால்தான் அந்த அளவை வச்சு ஃபில்டரைச் சோதிக்கிறாங்க.

ஆனா நாத்தம்ங்கிறது பெரும்பாலும் வாயு. ஹெப்பா அதைப் பிடிக்காது. புகையில் ரெண்டுமே உண்டு: துகளும் வாயுவும். லைட் பச்சையான பிறகும் நாத்தம் அடிக்குதேன்னு குழம்புறவங்களுக்கு இதுதான் காரணம்.

வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேணும். இங்கேதான் கவனமாப் பார்க்கணும். பல மெஷினில் கார்பன் ஃபில்டர்னு இருக்கிறது, கருப்பா ஒரு மெல்லிசு பஞ்சுத்தாள். சீக்கிரமே தீர்ந்துபோகும். குருணை குருணையா நிறைய கார்பன் போட்டு, கையில் எடுத்தா கனமா இருக்கிறதுதான் உண்மையில் வேலை செய்யும். அதுவும் நிரம்பிட்டா மாத்தித்தான் ஆகணும்; கழுவினா திரும்ப வராது. ஹெப்பாவையும் கழுவாதீங்க. முன்னாடி இருக்கும் வலையை மட்டும் தூசி தட்டிக் கழுவலாம்.

கருவாட்டு வாசனைக்கும் தாளிப்புப் புகைக்கும் ப்யூரிஃபையர் வாங்காதீங்க. எண்ணெய்ப் புகை ஃபில்டரை அடைச்சிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. உள்ளே உருவாகிறதை வெளியே தள்ளுறது எப்பவும் மலிவு.

சாம்பிராணி? அதில் மட்டும் அம்மா விட்டுக் கொடுக்கலை. "காத்து சுத்தமாகணும்னுதானேடி போடுறோம்"னாங்க. ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. இப்போ வெள்ளிக்கிழமை சாம்பிராணி பால்கனியில், கதவைச் சாத்திட்டு நான் போடுறேன். அம்மா உள்ளே நின்னு கண்ணாடி வழியா மேற்பார்வை.

தும்மல் மட்டும் போகலை

மூச்சு விசில் குறைஞ்சது. ஆனா காலையில் எழுந்ததும் பத்துப் பதினைஞ்சு தும்மல். லைட் பச்சையாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட போனப்போ, எந்தத் தலையணைன்னு கேட்டார்.

இலவம்பஞ்சுத் தலையணை. ஊரில் இருந்து கையோடு கொண்டு வந்தது. என்னைவிட அதுக்கு வயசு கொஞ்சம்தான் கம்மி.

டஸ்ட் மைட்டுன்னு கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மெத்தை, தலையணையில் நம்ம தோல் உதிரலைத் தின்னு வாழும். நம்ம கடலோர ஈரப்பதம் அதுக்குச் சொர்க்கம். அலர்ஜி பெரும்பாலும் அதோட எச்சத்தால். அந்தத் துகள் புகையைவிடக் கனம். போர்வையை உதறினா மேலே எழும்பி, கொஞ்ச நேரத்தில் மறுபடி கீழே படிஞ்சிடும். மெஷின் காற்றில் மிதக்கிறதைத்தான் இழுக்கும். தலையணைக்குள்ள இருக்கிறதை அது என்ன பண்ணும்? மூக்கு தலையணை மேல், மெஷின் ஆறடி தள்ளி.

அதனால் தலையணையை மாத்தினோம். பூச்சி நுழையாத, ஜிப் வச்ச உறை போட்டோம். விரிப்பு, உறையெல்லாம் வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். பூந்துடைப்பத்தால் பெருக்கி தூசி கிளப்புறதுக்குப் பதிலா ஈரத்துணி. தும்மல் நிறையவே குறைஞ்சது. பூனை வளர்க்கிறவங்களுக்குக் கதை கொஞ்சம் வேற. பூனை அலர்ஜித் துகளில் ஒரு பகுதி ரொம்பச் சின்னது, மணிக்கணக்கில் மிதக்கும். அங்கே ப்யூரிஃபையர் உதவும்.

சரி, வாங்கப் போறீங்களா?

வாங்குறதா இருந்தா இவ்வளவுதான் பாருங்க. சி.ஏ.டி.ஆர் எவ்வளவு. ஹெப்பா எந்தக் கிரேடு. "ஹெப்பா டைப்"னு மழுப்பினா விட்டுடுங்க. மாத்து ஃபில்டர் என்ன விலை, உங்க ஊரில் கிடைக்குதா. மெஷின் மலிவா இருந்து ஃபில்டர் விலை பாதி மெஷின் அளவுக்கு இருந்தா, அது மலிவு இல்லை. ஓசோன் விடுற மெஷின் வேண்டவே வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும். அயனைசர் இருந்தா அதை அணைக்க முடியுதான்னு பாருங்க. மெஷினைச் சுவரோடு ஒட்டி மூலையில் வைக்காதீங்க.

ப்யூரிஃபையர் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. கரியமில வாயுவைக் குறைக்காது. அதனால் வெளிக்காற்று நல்லா இருக்கும் நேரமாப் பார்த்து ஜன்னலைத் திறங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க மெஷின் வந்திடுச்சேன்னு இன்ஹேலரை நிறுத்தாதீங்க. அம்மா ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தாங்க. அந்தச் சண்டையை இங்கே சொல்ல வேண்டாம்.

போகி அன்னைக்கு எங்க வீட்டுத் திட்டம் தயார். முந்தின ராத்திரியே ஜன்னல் எல்லாம் சாத்திடுவோம். விடிகாலை 3 மணிக்கு அலாரம் வச்சு மெஷினை முழு வேகத்தில் போடணும். பழைய துணி, பாய் எல்லாத்தையும் எரிக்காம, மாநகராட்சி வண்டியில் கொடுக்க மூட்டை கட்டியாச்சு. அந்த மூட்டையில் இலவம்பஞ்சுத் தலையணையும் இருக்கு. நேத்துப் பார்த்தேன், அம்மா அதை மட்டும் வெளியே எடுத்து மொட்டைமாடியில் வெயிலில் காய வச்சிருக்காங்க. "பஞ்சு நல்லாத்தான்டி இருக்கு"ங்கிறாங்க.

பேச்சுவார்த்தை தொடருது.

உங்க ரூம் அளவை எழுதி அனுப்புங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன். கூடவே அந்த ரூமில் என்ன எரியுதுன்னும் எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.