காற்றுக்கு வழி விடுங்க!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, போத்தனூர்ப் பெரியோர்களே, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் காற்றோட்டத்தைச் சீர்செய்வது தேவையா, வெட்டிச் செலவா என்பது தலைப்பு. தேவை என்கிறது எங்கள் அணி. எதிரணித் தலைவர் மூன்று ஃபேன், ஆறு ஃபேன், கலர் லைட் என்று விலைப்பட்டியல் வாசித்துவிட்டு அமர்ந்தார். அவர் சாடியது ஃபேன் வியாபாரத்தை. நாங்கள் பேச வந்தது காற்று போகிற வழியைப் பற்றி. ரெண்டும் வேற வேறங்க.

கணக்கைப் பாருங்கள். வீடியோ எடிட்டிங், கேம் என்று ஓடும் கம்ப்யூட்டர் 300 வாட் இழுத்தால், அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறியாக வேண்டும். உள்ளே நுழையும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வெளியே போக, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கன மீட்டர் காற்று ஓட வேண்டும். அது பாதியானால் 20 டிகிரி ஏறும். சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி என்றால், பெட்டியை விட்டு வரும் காற்று 56-ஐத் தொடும். பிராசஸர் உடனே எரிந்துவிடாது. 95, 100 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலானவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயில் காலத்தில் கைக்கு வராது. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கோ, 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பம்ப் மோட்டார் செய்கிற கோவைக்கு இது புதுச் செய்தி இல்லை. வைண்டிங் இன்சுலேஷனுக்கும் அதே கணக்குத்தான். அதனால்தான் மோட்டாரின் பின்னால் ஃபேன் மாட்டி, அதற்கு மேல் ஒரு கவரும் போடுகிறார்கள். அந்தக் கவர்தான் காற்றை மோட்டாரின் உடம்பை ஒட்டி ஓட வைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், மோட்டாரும் சூடாகிக்கொண்டிருக்கும்.

"பக்க மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வை, முடிந்தது வேலை" என்றார் எதிரணி நண்பர். சூடு குறையலாம், மறுக்கவில்லை. ஆனால் தூசி? 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த நாளிலிருந்து பஞ்சோடு வாழ்கிற ஊர் கோயம்புத்தூர். ஸ்பின்னிங் மில்லில் ஜன்னலைத் திறந்து வைத்தா காற்று விடுகிறார்கள்? மேலிருந்து காற்றை இறக்கி, பஞ்சோடு சேர்த்துத் தரைக்கடியில் இழுத்து, ஃபில்டரில் வடிகட்டுகிறார்கள். பெட்டிக்கும் அதே நியாயம்தான்: முன்புறம் வலை ஃபில்டர் வழியே உள்ளே, பின்புறமும் மேலேயும் வெளியே. உள்ளே வருவது சற்றுக் கூடுதலாக இருந்தால், இடுக்குகளில் காற்று வெளிநோக்கிக் கசியும், தூசி நுழையாது. மூடியில்லாத பெட்டியில் சில மாதத்தில் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். பல்லி குடியேறுவது தனிக் கதை!

ஏசி இருக்கிறதே என்பார்கள். ஏசி அறையைக் குளிர்விக்கும். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்த பெட்டிக்குள் அந்தக் குளிர் எப்படிப் போகும்? சத்தம் வரும் என்பதும் முழு உண்மை இல்லை. வழி அடைபட்ட பெட்டியில்தான் ஃபேன் முழு வேகத்தில் அலறும்; வழி திறந்திருந்தால் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு, மெதுவாகச் சுற்றினாலே பல பெட்டிகளுக்குப் போதும். ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுத்தருகிறேன்: பில் போடவும் கடிதம் அடிக்கவும் மட்டும் இருக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது ஃபேன் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, வெளியே எடுத்து வந்து, ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தாலே போதும். ஆனால் நடுவர் அவர்களே, அதுவும் காற்றுக்கு வழி விடுகிற வேலைதானே? எதிரணிக்கு விட்டுத்தந்த இந்தச் சிக்கன வழியும் எங்கள் கட்சிக்குள்தான் வருகிறது என்பதைக் கணக்கில் கொண்டு, தீர்ப்பை எங்கள் பக்கம் தருமாறு கேட்டு அமர்கிறேன்.