காலாவதியான டொமைனை மீட்பது எப்படி?
(காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கத்தின் இணையதளம் 11 நாள் திறக்கவில்லை. 'சர்வர் பிரச்சினையா?' என்று வாட்ஸ்அப் குழுவில் பலர் கேட்டீர்கள். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. போனது பெயர்.

டொமைன் என்கிற இணையப் பெயரை யாரும் சொந்தமாக வாங்க முடியாது. குத்தகைதான். 1 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை எடுக்கலாம், முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். டாட் காம் பெயர்களின் மொத்தப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன். அதற்குக் கீழே பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனம் ரெஜிஸ்ட்ரார். அதற்கும் கீழே, ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி நம்மிடம் விற்பவர் ரீசெல்லர். தளம் வடிவமைத்துத் தந்தவர் நமக்கு இந்தப் பெயரை ஒரு ரீசெல்லர் மூலம் எடுத்துத் தந்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் வடிவமைப்பாளரின் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. ரீசெல்லரோ போனை எடுக்கவே இல்லை.

தளம் நின்றால் என்ன, நோட்டீஸ் போர்டு இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். கொஞ்சம் யோசியுங்கள். செயலாளர், பொருளாளர் இருவரின் மின்னஞ்சலும் அதே பெயரில்தான் ஓடுகின்றன. வங்கி, லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம், மின் கட்டணக் கணக்கு எல்லாவற்றிலும் கொடுத்திருப்பது அந்த முகவரி. பெயரை வேறொருவர் எடுத்துவிட்டால் அந்த முகவரிக்கு வரும் கடிதமும் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பும் அவர் கைக்குப் போகும். நம் தளம் போலவே ஒரு பக்கம் போட்டு, மெயின்டனன்ஸ் கட்ட தன் க்யூஆர் கோடை வைத்தால், நம்மில் எத்தனை பெரியவர்கள் சந்தேகப்படாமல் ஸ்கேன் செய்வார்கள்? நம் தளத்தில் கட்டிப் பழகியவர்கள்தானே.

பெரிய நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டது. ஹாட்மெயிலில் பலர் நுழைய முடியாமல் தவித்தார்கள். வெளியார் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்தார்.

இப்போது மீட்கும் வழி. முதலில் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். உண்மையான ரெஜிஸ்ட்ரார் யார், அவர்களின் தொடர்பு மின்னஞ்சல், தொலைபேசி, காலாவதித் தேதி எல்லாம் வரும். இங்கே ஒரு கண்ணி உண்டு. டாட் காம் பெயர் காலாவதியானதும் மேல் பதிவேட்டில் தேதி தானாகவே 1 ஆண்டு கூடிவிடும். அதைப் பார்த்துவிட்டு 'யாரோ பணம் கட்டிவிட்டார்கள்' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள தேதிதான் கணக்கு.

காலாவதிக்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது ரெஜிஸ்ட்ராரின் விருப்பம். அதற்குள்ளேயே ஏலத்துக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள். அடுத்து 30 நாள் 'ரிடெம்ப்ஷன்' காலம். அப்போதும் மீட்கலாம், கட்டணம்தான் பல மடங்கு. அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதை ரெஜிஸ்ட்ராரும் ரீசெல்லரும் முன்கூட்டியே தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகு 5 நாளில் பெயர் அழிக்கப்படும், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

ரீசெல்லர் பேசவில்லை என்றால் அவர் பின்னால் அலைய வேண்டாம். நேராக ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். தன் ரீசெல்லர் விதிப்படி நடப்பதற்கு ரெஜிஸ்ட்ராரே பொறுப்பு என்று ஐகேன் ஒப்பந்தம் சொல்கிறது. நமக்குக் கைகொடுத்தது ஒரே விஷயம்: பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் இருந்தது. சங்கப் பதிவுச் சான்றிதழ், நிர்வாகக் குழுத் தீர்மானம், பழைய ரசீது மூன்றையும் அனுப்பினோம். மின்னஞ்சலை மாற்றித் தந்தார்கள், வழக்கமான கட்டணத்தில் புதுப்பித்தோம். அந்த இடத்தில் வடிவமைப்பாளரின் பெயர் இருந்திருந்தால் இன்று நான் வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிறகு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற விரும்பினால் 'ஆத் கோடு' கேளுங்கள். கேட்ட 5 நாளுக்குள் தர வேண்டும். உரிமையாளர் விவரத்தை மாற்றிய பின் 60 நாள் பூட்டு விழலாம் என்பதால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ரெஜிஸ்ட்ராரும் பதில் தரவில்லை என்றால் ஐகேனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். டாட் இன் பெயர்கள் மட்டும் ஐகேன் புகாருக்குள் வராது. அவற்றைக் கவனிப்பது நிக்ஸி.

இன்னொன்று. 'உங்கள் டொமைன் முடிகிறது, உடனே கட்டுங்கள்' என்று முன்பின் தெரியாத நிறுவனத்திடமிருந்து கடிதம் வரும். ரெஜிஸ்ட்ராரின் பெயரோடு ஒப்பிடாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

நம் பெயரை இப்போது 5 ஆண்டுக்கு எடுத்திருக்கிறோம். கணக்கின் பாஸ்வேர்டு மூடிய உறையில் சங்க அலுவலக பீரோவில் இருக்கிறது. தொடர்பு மின்னஞ்சல் நம் டொமைனில் இல்லாத தனி முகவரி. பெயர் நின்றாலும் கடிதம் வந்து சேரும்.

நம் குடியிருப்பில் டியூஷன், கேட்டரிங், தையல் என்று சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றிரவே பாருங்கள். புரியவில்லை என்றால் சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். பழைய பில் இருந்தால் எடுத்து வாருங்கள்.