அடுத்த குறிஞ்சி வரை காத்திருக்க வேண்டுமா?

(மூணாறு தேயிலைத் தோட்டத்து மாலை வகுப்பில் ஒரு தொண்டர் பேசியது)



பகல் முழுக்கத் தேயிலைக் காட்டில் நின்றீர்கள். காலும் கையும் வலிக்கும். இருந்தாலும் இந்தக் குளிரில் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என்னை நீங்கள் டீச்சர் என்று கூப்பிடுகிறீர்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். உங்களைப் போல லயத்தில் பிறந்தவள். அம்மா வேலைக்குப் போனபோது உங்களில் பலர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். உங்களுக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிறகு உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்.

நம் மலையில் நீலக்குறிஞ்சி பூப்பது உங்களுக்குத் தெரியும். அது 12 ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். 1982-இல் பூத்தது. 1994-இல் பூத்தது. 2006-இல் பூத்தது. 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்க வேண்டும். அதுவரை செடி வெறும் பச்சையாக நிற்கும். ஒரு முறை பூத்து, விதை விட்டதும் அந்தச் செடி காய்ந்துவிடும். விழுந்த விதையிலிருந்து புதுச் செடி முளைக்கும். அதுவும் பூக்க அத்தனை ஆண்டு ஆகும்.

2006-இல் எனக்கு ஆறு வயது. "ராஜமலை முழுக்க நீலமா இருக்குதாம்" என்று லயத்தில் ஒரே பேச்சு. வெளியூர் மக்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். பஸ் ஏறினால் போய்விடலாம். அவ்வளவு பக்கம். அம்மா அப்பாவிடம் கேட்டார்:

"நாமளும் ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வருவோமா?"

அப்பா சொன்னார்: "இப்ப எதுக்கு? ஒரு நாள் சம்பளம் போயிரும். அடுத்த தடவை பூக்கட்டும். அதுக்குள்ள கடனும் அடைஞ்சிரும். நிம்மதியாப் போய்ப் பாப்போம்."

அப்பா நல்லவர். எங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னார். அம்மாவும் சரி என்று விட்டுவிட்டார்.

அம்மாவும் அப்படித்தான். ஒரு தீபாவளிக்கு அப்பா அம்மாவுக்குப் பச்சைப் பட்டுச் சேலை ஒன்று எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைக் கட்டவில்லை. அந்துருண்டை போட்டுத் தகரப் பெட்டியில் வைத்தார். "ஒரு தடவை கட்டிக் காட்டேன்" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். "அழுக்காயிரும். மகள் கல்யாணத்துக்குக் கட்டிக்கிறேன்" என்றார் அம்மா.

2014-இல் அப்பா நெஞ்சு நோயால் இறந்து போனார்.

2018 வந்தது. குறிஞ்சி பூக்கும் ஆண்டு. அந்த ஆகஸ்டு மாதம் கேரளம் முழுக்க வெள்ளம். மலை சரிந்தது. சாலை உடைந்தது. மூணாறுக்கு வரவும் வழியில்லை. போகவும் வழியில்லை. மழை விட்ட பிறகு பூ மலர்ந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா சொன்னார்:

"அவரு இல்லாம நான் மட்டும் போய் என்னத்தப் பாக்க?"

மறு ஆண்டு என் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். அம்மா பெட்டியைத் திறந்து அந்தப் பச்சைச் சேலையை எடுத்தார். பிரித்தபோது மடிப்பு மடிப்பாக இற்றுப் போயிருந்தது. கையோடு கிழிந்து வந்தது. அம்மா அழவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு தடவையாவது கட்டிக் காட்டியிருக்கலாம்" என்றார்.

இதுதான் எங்கள் வீட்டுக் கதை. இப்போது கேள்வி.

நீங்கள் எதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? சேலையைச் சொல்லவில்லை. சந்தோஷத்தைச் சொல்கிறேன்.

கடன் அடையட்டும் என்கிறோம். மகள் கல்யாணம் முடியட்டும் என்கிறோம். மகனுக்கு வேலை கிடைக்கட்டும் என்கிறோம். ரிட்டயர் ஆகட்டும், கிராஜுவிட்டி வரட்டும், ஊரில் ஒரு வீடு கட்டட்டும், அப்புறம் சந்தோஷமாக இருக்கலாம் என்கிறோம்.

நாம் இப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. நாம் இருக்கும் லயம் நம்முடையது இல்லை. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால்தான் நம் கண் எப்போதும் நாளைக்குப் போகிறது. அது தப்பு இல்லை. நாளையை நினைக்காதவர் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது.

ஆனால் நாளை முழுக்க நம் கையில் இருக்கிறதா? 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நம் சொந்தக்காரர்கள், நம்மோடு வேலை செய்தவர்கள், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். அவர்களும் மறுநாளுக்கு என்று எத்தனையோ எடுத்து வைத்திருப்பார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு உள்ளதை இன்றைக்கே அனுபவிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"இன்றைக்கே அனுபவி" என்றால் இரண்டு விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். அதையும் பேசிவிடுவோம்.

ஒன்று, இன்றைக்கே எல்லாவற்றையும் செலவழி என்று நினைப்பது. சம்பளம் வாங்கிய அன்றே கடைக்குப் போய்க் குடித்துவிட்டு, "நான் சந்தோஷமா இருக்கேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. மறுநாள் காலையில் அவரைப் பாருங்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அது சந்தோஷமா? கடன் வாங்கிக் கொண்டாடுவதும் அதே போலத்தான். ஒரு நாள் சிரிப்புக்கு ஒரு வருடம் வட்டி கட்டுகிறோம். சீட்டுப் பணம் கட்டுங்கள். பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்து வையுங்கள். நான் சொல்லும் சந்தோஷத்துக்குக் காசு வேண்டாம்.

இன்னொன்று, "இருப்பதே போதும், எதையும் கேட்காதே" என்று நினைப்பது. அப்படியும் நான் சொல்லவில்லை. 2015 செப்டம்பரில் நம் பெண்கள் என்ன செய்தார்கள்? 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர் வந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. எங்கள் அம்மாவும் அங்கே இருந்தார். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அம்மா முகம் மலரும். "அத்தன பேரும் தோளோட தோள் ஒட்டி உக்காந்திருந்தோம். அன்னைக்குக் குளிரே தெரியல" என்பார். உரிமையைக் கேட்ட நாளிலும் சந்தோஷம் இருந்தது. கூலி உயரட்டும். சொந்த வீடு வரட்டும். அதற்காகச் சேர்ந்து கேட்போம். அது வரும் வரை சிரிக்க மாட்டேன் என்று யாரிடமும் நாம் எழுதிக் கொடுக்கவில்லையே!

சரி, காசில்லாத சந்தோஷம் எது? ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிறோம். கட்டன் சாயா போடுகிறோம். இந்த நாட்டில் எத்தனையோ பேர் குடிக்கிற தேயிலை நம் கையால் பறித்தது. ஆனால் நாம் எப்படிக் குடிக்கிறோம்? நின்றுகொண்டே, ஊதி ஊதி, ஒரு கையால் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே குடிக்கிறோம். சில நாள் குடித்தோமா என்பதே ஞாபகம் இருக்காது. ஐந்து நிமிடம் முன்னால் எழுந்து, வாசலில் உட்கார்ந்து, அந்தச் சாயாவைச் சாயாவாகக் குடித்துப் பாருங்கள். சூடு, வாசனை, துவர்ப்பு எல்லாம் தெரியும்.

மார்கழி, தை மாதங்களில் இங்கே புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். விரல் மடங்காது. பிறகு மலைக்கு மேலே வெயில் வரும். முதுகில் அந்த வெயில் படும்போது எப்படி இருக்கும்! அதைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் பணம் கட்டி வருகிறார்கள். நமக்கு அது சும்மா கிடைக்கிறது.

இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு மழையில் நிற்கிறோம். காலில் அட்டை ஏறுகிறது. அது கஷ்டம்தான். அதைச் சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள். ஆனால் மத்தியானம் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறக்கிறோம். ஒருவர் சட்டியிலிருந்து ஒரு துண்டு கருவாடு. இன்னொருவர் சட்டியிலிருந்து ஒரு கரண்டி துவையல். யாரோ ஒரு அக்கா ஏதோ சொல்ல, எல்லோரும் வாய் விட்டுச் சிரிக்கிறோம். சாயங்காலம் நனைந்து வந்து வெந்நீர் ஊற்றிக் குளிக்கிறோம். பேரப்பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறது. இதெல்லாம் தினமும் வருகிறது. வந்து வாசலில் நிற்கிறது. நாம் கவலையைப் பார்த்துக்கொண்டு இருப்பதால் அதைப் பார்ப்பதில்லை.

இப்போது உங்களுக்கு இன்னும் ஒரு சந்தோஷம் சேர்ந்திருக்கிறது. அது எழுத்து.

போன மாதம் இந்த வகுப்பில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பாட்டி ஒருவரின் பேரன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் போனில் செய்தி அனுப்புவான். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன்தான் அதைப் படித்துச் சொல்வான். அன்று பாட்டி போனைத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தானே படித்தார்: "பா-ட்-டி சா-ப்-பி-ட்-டி-யா?" அவ்வளவுதான் செய்தி. இரண்டே வார்த்தை. அதைப் படித்துவிட்டு அவர் அழுதார். பிறகு சிரித்தார். நாம் எல்லோரும் சிரித்தோம். "பேரன் இப்பத்தான் எங்கிட்ட நேராப் பேசுறான்" என்றார்.

உடுமலைப்பேட்டை பஸ் வந்தால், தேனி பஸ் வந்தால், இப்போது நீங்களே பெயர்ப் பலகையைப் படித்து ஏறுகிறீர்கள். "இது எங்க போற பஸ்?" என்று யாரிடமும் கேட்பதில்லை. முதல் நாள் படித்தபோது மனம் எப்படித் துள்ளியது? இப்போது பழகிவிட்டது. பழகிப் போனதால் அதை மறந்துவிடாதீர்கள். அது நீங்கள் பாடுபட்டுச் சம்பாதித்தது.

ஆகவே, உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். இனி தினமும் படுக்கப் போகும் முன்னால் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இன்று எது நன்றாக இருந்தது? அதை மட்டும் எழுதுங்கள். "இன்று வெயில் அடித்தது." "மதினி மீன் குழம்பு கொடுத்தாள்." "பேத்தி பாட்டுப் பாடினாள்." இப்படி எழுதினால் போதும். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன். எழுத வேண்டும் என்றால் பகலில் அதைப் பார்த்து வைக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்த வேலை. ஒரு நாள் ஒன்றும் நன்றாக இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். மனப் பாரத்தை நோட்டில் இறக்கி வைப்பதும் நல்லதுதான். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசுவோம்.

என் அம்மா இந்த வகுப்பில் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் நோட்டில் போன ஞாயிற்றுக்கிழமை எழுதியதை அவர் சம்மதத்தோடு படிக்கிறேன்:

"இன்னைக்கு புது சேல கட்டுனேன். விசேசம் ஒன்னும் இல்ல. மக அழகா இருக்குன்னு சொன்னா."

அந்தக் கிழிந்த பச்சைச் சேலையில் நல்லதாக இருந்த பகுதியை வெட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மா ஒரு பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் குழந்தை அதைப் பெட்டியில் வைக்கவில்லை. தினமும் போட்டுக்கொண்டு சேற்றில் விளையாடுகிறது. அம்மா திட்டுவதில்லை.

2030-இல் குறிஞ்சி பூக்கட்டும். இந்த வகுப்பில் உள்ள எல்லோரும் ஒரே பஸ்ஸில் ராஜமலைக்குப் போவோம். அன்று ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்போது நோட்டைத் திறங்கள். இன்றைய தேதியை மேலே எழுதுங்கள். முதல் வரியை இங்கேயே எழுதிவிட்டு வீட்டுக்குப் போவோம்.



பேசுவோம்

1. குறிஞ்சி பார்க்கப் போகாததற்கு அப்பா சொன்ன காரணம் என்ன? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

2. "அப்புறம் பார்க்கலாம்" என்று நீங்கள் தள்ளி வைத்தது எது? அதை இந்த வாரமே செய்ய முடியுமா?

3. இன்று உங்களுக்கு நன்றாக இருந்தது எது? ஒரு வரி எழுதுங்கள்.